புறப்பட்டபடியே வந்து சேர்ந்த குழந்தை

எங்கள் பிரிவுக்கு ஒரு வாசகம் உண்டு. வண்டியின் இரண்டு பக்கமும், எங்கள் சட்டைப் பையின் மேலும், கழிப்பறைக் கதவின் உட்பக்கத்திலும் அதை எழுதி வைத்திருக்கிறார்கள்: ‘புறப்பட்டபடியே சேர்ப்போம்.’ முதல் தடவை படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் நர்ஸ். ஆண் நர்ஸ் என்றால் சிலர் இரண்டு தடவை பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். உயிருக்குப் போராடும் குழந்தைகளைச் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியில் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது யாராவது கேட்டால் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு நழுவிவிடுகிறேன். ஏன் என்று இங்கே சொல்லித் தொலைக்கிறேன்.

எங்கள் பிரிவு ஆரம்பித்த கதை நல்ல கதைதான். ஒரு காலத்தில் சுமாராகக் கிளம்பிய குழந்தைகள் மோசமாக வந்து சேர்ந்தன. வழியில் சிலிண்டர் தீர்ந்துவிடும், குழாய் மடங்கிவிடும், போர்த்த மறந்து குழந்தை சில்லிட்டுப்போகும். பார்த்துப் பார்த்து வயிறெரிந்த ஒரு டாக்டரம்மா அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். தொண்டையில் சளி இருந்தால் எடு, சிலிண்டரைப் பார், குழந்தையைக் கதகதப்பாக வை, கண்ணை எடுக்காதே. அவ்வளவுதான். அந்த அரைப் பக்கம் எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்க வைத்தது.

அரைப் பக்கம் நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்ததும் அதை நிர்வகிக்க ஓர் இயக்குநரைப் போட்டார்கள். அவர் வந்ததும் ஓர் அடிப்படைக் கேள்வி கேட்டார்: இத்தனை பாடும் எதற்கு? குழந்தையின் நிலை வழியில் மாறக்கூடாது என்பதற்கு. அப்படியானால் மாற்றத்தை அளந்தால் போதுமே. குழந்தையின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினால் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று எந்திரம் எண்ணாகக் காட்டும். கிளம்பும்போது உள்ள எண்ணுக்கும் சேரும்போது உள்ள எண்ணுக்கும் வித்தியாசம் ஐந்துக்குள் இருந்தால் வெற்றி. ஐந்தோ அதற்கு மேலோ போனால் அதற்கு ‘அசைவு’ என்று பெயர். கூடினாலும் அசைவுதான், குறைந்தாலும் அசைவுதான். வருஷத்துக்கு மூன்று அசைவு வந்தால் எங்கள் பிரிவுக்குத் தந்திருக்கும் தர நட்சத்திரத்தைப் பிடுங்கிவிடுவார்கள்.

அரைப் பக்கம் நாற்பத்தொரு பக்கமாக வளர்ந்தது. சளியை எடு என்ற வரி மட்டும் காணாமல்போய்விட்டது, ஏனென்றால் சளியை எடுத்தால் எண் ஏறிவிடுகிறது.

இதில் ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் இயக்குநருக்குப் பொய் பிடிக்காது. எந்திரம் காட்டாத எண்ணை எழுதினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தினமும் காலையில் வரிசையாக நின்று, வலது கையை நீட்டி, எண்ணில் பொய் சொல்லமாட்டோம் என்று உறுதிமொழி எடுப்போம். நானும் எடுத்திருக்கிறேன், மனசாரத்தான்.

வண்டியை அசையாமல் ஓட்ட டிரைவர்களுக்குத் தனிப் பயிற்சி. ஸ்டியரிங்குக்கு மேலே தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிடுவார்கள். சிந்தாமல் ஓட்டினால் பாஸ். எங்கள் டிரைவருக்குத் தாலாட்டு என்றே பெயர் வந்துவிட்டது. அவர் ஓட்டினால் டம்ளரிலிருந்து ஒரு சொட்டு விழாது. நாற்பது நிமிஷத் தூரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும், அது வேறு விஷயம். நேரத்துக்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

நர்சுகளுக்குப் பயிற்சி ஒரு ரப்பர் பொம்மையை வைத்து. ஆண்டு விழாவில் அந்தப் பொம்மைக்கு மாலை போட்டு மேடையில் உட்காரவைத்தார்கள். இயக்குநர் அதன் தலையைத் தடவிக்கொண்டே பேசினார். 

“இது நம்ம வண்டியில முப்பத்தெட்டு தடவை போயிருக்கு. ஒரு தடவைகூட நிலை மாறினதில்லை. அழல, திமிறல, மூச்சு ஏறி இறங்கல. ஒவ்வொரு குழந்தையும் இப்படி ஒத்துழைச்சா நம்மளை அடிச்சுக்க ஆளே இல்லை. குழந்தைங்க தரப்புலதான் இன்னும் கொஞ்சம் முயற்சி வேணும்.”

கைதட்டினோம். நானும் தட்டினேன். என் பக்கத்தில் இருந்த நர்சம்மா மட்டும் தட்டவில்லை. அவர் அதற்கு முந்தின மாதம் நீலம்பாரித்த ஒரு கைக்குழந்தையை வழியில் தேற்றி, ரோஜா நிறத்தில் கொண்டுபோய் இறக்கியவர். பத்தொன்பது புள்ளி அசைவு. விசாரணை வைத்து அவரைத் துணி துவைக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். விழாவுக்கு மேஜைவிரிப்பு கொண்டுவந்தவர், அப்படியே உட்கார்ந்து பார்த்தார்.

இதெல்லாம் தெரிந்துதான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நாலு வயசுப் பெண் குழந்தை. நெஞ்சு முழுக்கச் சளி கட்டி நுரையீரல் கெட்டிப்பட்டிருந்தது. மூச்சு விடும்போது விலா எலும்புக்கு இடையில் சதை குழிந்தது. அங்கே இருந்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, சாயங்காலத்துக்குள் இவளுக்குச் செயற்கை மூச்சு தேவைப்படலாம், எங்களிடம் அந்த எந்திரம் இல்லை, சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்றார். குழந்தையின் அம்மா பஸ் கண்டக்டர். டியூட்டியில் இருக்கும்போது தகவல் வந்து, பாதி வழியில் பஸ்ஸை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு யூனிஃபார்மோடு ஓடிவந்திருந்தார். வீட்டுக்காரர் வெளியூரில் வேலை. விசில் இன்னும் கழுத்தில் தொங்கியது, அதைக் கழற்றவேண்டும் என்றுகூட அவருக்கு நினைவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் அரை மணி நேரம் ‘அமைதி நேரம்’. எண் ஒரு நிலைக்கு வருவதற்காகக் குழந்தையை யாரும் தொடக்கூடாது. குழந்தையின் தொண்டையில் சளி கொரகொரவென்று கேட்டது. சளி உறிஞ்சும் குழாய் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். 

“அண்ணே, தொண்டையில ஏதோ அடைச்சிருக்கு பாருங்க,” என்றார் அம்மா.

இப்போது தொட்டால் அரை மணி நேரத்தை முதலிலிருந்து எண்ணவேண்டும் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். டிக்கெட்டுக் கணக்கும் சில்லறைக் கணக்கும் அவருக்குத் தெரியும், இந்தக் கணக்கு புரியவில்லை. ஆனாலும் வெள்ளைச் சட்டை போட்டவன் சொன்னால் ஏதோ இருக்கும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அரை மணி முடிந்தது. எண்பத்து நான்கு. எழுதிக்கொண்டு கிளம்பினோம்.

தாலாட்டு வண்டியைத் தாலாட்டிக்கொண்டே ஓட்டினார். ஒரு சைக்கிள் எங்களை முந்தியது. காய்கறிப் பையோடு நடந்துபோன ஒருவர் கொஞ்ச தூரம் எங்களுக்கு இணையாகவே வந்து, பிறகு அவரும் முந்திப்போனார். கண்டக்டரம்மா உட்காரவே இல்லை, எதையும் பிடிக்காமல் கால்களை அகட்டி நின்று குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பஸ்ஸாக இருந்தால் இந்நேரம் இரண்டு ட்ரிப் முடிந்திருக்கும் என்றார் ஒரு தடவை. கோபமாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னார்.

பாதி வழியில் குழந்தை என்னைப் பார்த்தாள். பேசவில்லை, பேச மூச்சில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள், அவ்வளவுதான். அதற்கு என்ன செய்வது என்று எந்த உறுதிமொழியிலும் இல்லை. என்னையறியாமல் கை குழாயை எடுத்துவிட்டது. தொண்டையிலிருந்த சளியை உறிஞ்சி எடுத்தேன். தோளுக்கடியில் துணியை மடித்து வைத்து கழுத்தை நேராக்கினேன். முகமூடி ஒரு பக்கம் விலகியிருந்தது, அதைச் சரியாகப் பொருத்தினேன். இரண்டு நிமிஷ வேலை. எண்பத்தொன்பது, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றைந்து. விலா எலும்புக்கு இடையில் குழிவது குறைந்தது. குழந்தை “ம்மா” என்றாள்.

கண்டக்டரம்மா அழுதுகொண்டே சிரித்தார். நானும் இளித்துக்கொண்டு நின்றேன். இந்தப் பிரிவுக்கு வந்த மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் நர்சாக இருந்தேன் என்று தோன்றியது. குழந்தை தேறிவிட்டாள் என்று சொல்லமுடியாது. முழு ஆக்சிஜனில்தான் அந்த எண், உழைத்து உழைத்து அவள் களைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிவரை தாங்குவாள்.

முன்னாலிருந்து தாலாட்டு எண் எத்தனை என்று கேட்டார். சொன்னேன். வண்டி இன்னும் மெதுவானது.

“போச்சு,” என்றார். “பதினொண்ணு. நம்ம ரெண்டு பேரும் நாளைக்குத் துணி துவைக்கப் போறோம்.”

பெரிய ஆஸ்பத்திரியின் வாசலிலேயே எங்கள் பிரிவின் சரிபார்ப்பு மேஜை இருக்கிறது. அதைத் தாண்டாமல் குழந்தை உள்ளே போகமுடியாது. அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அடிஸ்கேல் என்று பெயர். படிவத்தில் கிளம்பிய எண்ணுக்கும் சேர்ந்த எண்ணுக்கும் நடுவில் ஓர் அடிஸ்கேலை வைத்துத்தான் படிப்பார். வண்டிக்குள் தலையை நீட்டி எந்திரத்தைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். ஸ்கேலை வைத்தார். எடுத்து மறுபடி வைத்தார்.

“தொண்ணூத்தஞ்சா?”

ஆமாம் என்றேன். நல்ல மனிதர்தான், என் மேல் இரக்கப்பட்டு உச்சுக்கொட்டினார். எண்பத்து நான்குக்குத்தான் தீவிர சிகிச்சையில் படுக்கை ஒதுக்கியிருக்கிறார்கள், தொண்ணூற்றைந்து வந்தால் அந்தப் படுக்கையை எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். அப்படியானால் சாதாரண வார்டில் சேர்த்துவிட்டு உள்ளே இருக்கும் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். சாதாரண வார்டில் வண்டியில் வந்த குழந்தைகளைச் சேர்ப்பதில்லையாம். டாக்டரையாவது இங்கே கூப்பிடுங்கள் என்றேன். சேர்க்காத குழந்தையை டாக்டர் பார்த்தால் அது டாக்டருக்கு அசைவாம். மூன்று மணிக்கு அசைவுக் குழு கூடும், அதுவரை காத்திருக்கலாம், இல்லையென்றால் திரும்பிப்போய் அமைதி நேரத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இரண்டு வழி சொன்னார். அப்போது மணி பன்னிரண்டு.

கண்டக்டரம்மா கீழே இறங்கிவந்து, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். “சார், புள்ளை கொஞ்சம் நல்லாயிருக்கா. அதுதான் தப்பா?”

அடிஸ்கேல் அவரை உட்காரச் சொல்லி, நாற்காலியை அவரே இழுத்துப்போட்டு, பொறுமையாகப் பதில் சொன்னார்.

“தப்புன்னு யாரும்மா சொன்னா? எங்களுக்குப் புள்ளை நல்லாயிருக்கறதும் ஒண்ணுதான், மோசமா இருக்கறதும் ஒண்ணுதான். அதுல நாங்க பாரபட்சமே பார்க்கறதில்லை. மாறக்கூடாது, அவ்வளவுதான். இங்க பத்து வருஷமா உட்கார்ந்திருக்கேன். ஒரு புள்ளை முகத்தையும் பார்த்து நான் முடிவு எடுத்ததில்லைம்மா. பார்த்தா மனசு இளகிடும்.”

அவர் எழுந்து டீ குடிக்கப் போனார். நான் இயக்குநருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, இந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு அசைவு ஆகிவிட்டது என்பதை நினைவுபடுத்தினார். சளியை எடுத்ததைப் பற்றித் திட்டவில்லை. 

“நான் எதுவும் சொல்லல,” என்றார். “எண்ணுல பொய் மட்டும் எழுதக்கூடாது. மத்தபடி வண்டிக்குள்ள சிலிண்டர் இருக்கு, திருகு இருக்கு, அனுபவசாலி நீங்க இருக்கீங்க. குழந்தைக்குப் படுக்கை கிடைக்கணும்ல? உங்களை நம்பறேன்.”

போனை வைத்தபிறகு வண்டிக்குப் பின்னால் நின்று யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வது கௌரவமாக இருக்கிறது, பயந்தேன் என்பதுதான் சரி. மூன்று மணிவரை இந்தச் சிலிண்டர் வராது, அது உண்மை. திரும்பிப்போனால் குழந்தை தாங்கமாட்டாள், அதுவும் உண்மை. அவளைத் தூக்கிக்கொண்டு மேஜையைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடியிருக்கலாம். கதவு பத்தடி தூரத்தில் திறந்துதான் கிடந்தது, காவலுக்குக்கூட ஆளில்லை. ஆனால் எனக்கு அப்போது கண்ணில் தெரிந்ததெல்லாம் துவைக்கிற பிரிவின் அழுக்கு மூட்டைகள்.

ஏறி, ஆக்சிஜன் திருகில் கையை வைத்தேன்.

“என்னண்ணே பண்றீங்க?”

“செக் பண்றேம்மா.”

கொஞ்சமாகக் குறைத்தேன். தொண்ணூற்று மூன்று. இன்னும் கொஞ்சம். தொண்ணூறு. எண்பத்தெட்டில் நின்றால் போதும், வித்தியாசம் நாலுதான். எண்பத்தெட்டில் நிற்கவில்லை. குழந்தைக்கு நாற்பத்தொரு பக்கமும் தெரியாதே. எண்பத்து மூன்று, எழுபத்தெட்டு என்று சரிந்துகொண்டே போனது. உதடு நிறம் மாறியது. பதறித் திருகைத் திறந்தேன், ஏறியது, ஏறுகிறதே என்று மறுபடி பிடித்தேன். எண்பத்தாறு, எண்பத்தேழு. அங்கே நிறுத்தினேன். கூப்பிட்டும் அடிஸ்கேல் வரவில்லை. டீ முடிந்தது, முத்திரை வைக்கும் மைப்பெட்டி காய்ந்துவிட்டது, வேறு எடுக்கப் போயிருக்கிறார் என்று தாலாட்டு வந்து சொன்னார். ஆறு நிமிஷம். ஒரு குழந்தையின் மூச்சை இரண்டு விரலால் பிடித்து ஆறு நிமிஷம் எண்பத்தேழில் வைத்திருந்தேன். என் தொழிலில் அவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் செய்ததில்லை. விலாவுக்கு இடையில் மறுபடி சதை குழிந்தது. அவள் அம்மாவைத் தேடிக் கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடிஸ்கேல் வந்தார். பார்த்தார். ஸ்கேலை வைத்தார். முகம் மலர்ந்தது.

“மூணு. பாருங்க, தானா சரியாயிடுச்சு.”

முத்திரை விழுந்தது. திருகை முழுக்கத் திறந்துவிட்டு, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். உள்ளே இருந்தவர்கள் நல்ல டாக்டர்கள். எங்கள் படிவத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்தார்கள். அன்று மாலையே செயற்கை மூச்சு வைத்தார்கள். ஐந்தாம் நாள் எடுத்தார்கள். பிழைத்துவிட்டாள்.

எங்கள் பிரிவில் என்னைப் பாராட்டினார்கள். அசைவு ஏற்பட்டபிறகும் அதைப் பயண எல்லைக்குள்ளேயே மீட்டெடுத்த முதல் ஆள் நான்தானாம். அதை ஒரு புதிய வழிமுறையாக எழுதித் தரச் சொன்னார் இயக்குநர். நாற்பத்திரண்டாம் பக்கம். எழுதிக்கொடுத்தேன். இதைச் சொல்லும்போது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் எழுதித்தான் கொடுத்தேன், நல்ல கையெழுத்தில்.

இரண்டு வாரம் கழித்து கண்டக்டரம்மா என்னைத் தேடி எங்கள் ஆபீஸுக்கு வந்தார். குழந்தையை அன்றைக்குத்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இளைத்துப்போய் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்திருந்தாள். குரல் கம்மியிருந்தது. நன்றி சொல்ல வந்ததாகச் சொன்னார், நன்றியும் சொன்னார். நீங்கள் வழியில் அந்தச் சளியை எடுத்திருக்காவிட்டால் வந்தே சேர்ந்திருக்கமாட்டாள் என்று டாக்டரே சொன்னாராம். நான் பெரிய மனுஷன் மாதிரி அதெல்லாம் ஒன்றுமில்லைம்மா என்றேன். அவர் கிளம்பவில்லை.

“ஒண்ணு கேக்கட்டுமாண்ணே? தப்பா எடுத்துக்காதீங்க.”

கேட்கச் சொன்னேன்.

“அன்னைக்கு வாசல்ல அந்த எண்ணை இறக்கத்தானே திருகுனீங்க?”

செக் பண்ணினேன் என்று மறுபடி சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன்.

“எனக்கு அது அப்பவே தெரியும். வேற வழியில்லாம பண்றாருன்னு நினைச்சுக்கிட்டேன்.” குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். “அப்புறம் வார்டுல பதினாலு நாள் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டில் பையனுக்கு விரல்ல அந்தக் கிளிப் நழுவும். நழுவினா எண் சடசடன்னு அறுபதுக்கு இறங்கிடும், எந்திரம் கத்தும். நர்சம்மா வந்து சரியா மாட்டினா பழைய எண் வந்துடும். அந்தப் பையன் பாட்டுக்குத் தூங்கிட்டிருப்பான். அதைப் பார்த்ததிலேர்ந்து ஒரே யோசனை. கிளிப்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டிருந்தா போதுமே. அவ மூச்சை ஏண்ணே தொட்டீங்க?”

எனக்குப் பதில் இருந்தது. நல்ல பதில் இல்லை, உண்மையான பதில்.

“தோணலைம்மா.”

சத்தியமாகத் தோன்றவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கிளிப்பை மாட்டுகிறேன், அது நழுவினால் எண் விழும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கிளிப்பைத் தளர்த்தி வரும் எண் பொய். குழந்தையின் மூச்சைக் குறைத்து வரும் எண் நிஜம். அந்த வாசலில் என் கை தானாகவே நிஜத்தைத் தேர்ந்தெடுத்தது. யாரும் என்னை மிரட்டிச் செய்யவைக்கவில்லை. ஒரு கணம் தயங்கியிருந்தால்கூட இன்றைக்குச் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்தார், சுவரில் எழுதியிருந்த எங்கள் வாசகத்தைப் பார்த்தார், பிறகு “சரிண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு, வரேன்” என்றார்.

குழந்தைக்கு என்னை ஞாபகம் இருந்ததோ என்னவோ, சிரித்துக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினாள். நானும் விரலை நீட்டினேன். அவள் அம்மா முகத்தில் எந்தக் கோபமும் காட்டாமல், குழந்தையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார்.